வீட்டு ஷெட்டில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு: துரு எடுப்பதிலிருந்து கடைசி பாலிஷ் வரை

ஹெரால்டின் பானட்டைத் திறந்தால் வண்டியின் முன்பக்கம் முழுவதும் எழுந்து முன்னால் சாய்ந்துவிடும். ஹெட்லைட், இரண்டு பக்க மட்கார்டு எல்லாமே அந்த ஒரே துண்டில் சேர்ந்தவை. டயர்மேல் உட்கார்ந்தபடியே கார்புரேட்டரைக் கழற்றலாம். பெரியப்பா அப்படி உட்கார்ந்து வேலை பார்ப்பதைச் சின்ன வயதில் பார்த்துத்தான் எனக்கு இந்த வண்டிமேல் பைத்தியம் பிடித்தது. அவருடைய இரண்டு கதவு ஹெரால்டு பதினைந்து வருஷம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அதைச் சென்னையில் எங்கள் வீட்டு ஷெட்டில் வைத்து, சனி ஞாயிறுகளில் மட்டும் வேலை செய்து, இரண்டரை வருஷத்தில் மீட்டெடுத்தேன். அதில் கற்றதைச் செய்யவேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஸ்டாண்டர்ட்-டிரையம்ப் கம்பெனி 1959-ல் வெளியிட்ட கார் இது. வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரைச் சேர்ந்த ஜியோவானி மிக்கெலோட்டி. 1961 முதல் மதராஸில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலையில் தயாரானது. 1962-ல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரின் அடியில் இருப்பது இதே சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குட்டையாக்கியதுதான். அதையும் வரைந்தவர் மிக்கெலோட்டிதான். சோழவரம் பந்தயத் தளத்திலும் ஹெரால்டுகள் ஓடியிருக்கின்றன. அதனால் இதை வெறும் குடும்பக் கார் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

வீட்டில் வைத்துச் செய்ய இதைவிடத் தோதான பழைய வண்டி எனக்குத் தெரிந்து இல்லை. அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகள் உடலையும் சேசிஸையும் ஒன்றாக்கி வெல்டிங் செய்யும் முறைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்ட்-டிரையம்புக்கு உடல் செய்து தந்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டதால், இவர்கள் வெவ்வேறு இடங்களில் துண்டு துண்டாகச் செய்து, தனிச் சேசிஸ்மேல் போல்ட் போட்டு மாட்டும்படி வடிவமைத்தார்கள். கூரைகூட போல்ட்டில்தான் நிற்கிறது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் முழு வண்டியையும் பிரிக்கலாம். ஆனால் போல்ட்டில் நிற்பது எல்லாமே நகரும். கதவுக்கும் பானட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி பெயின்ட்டுக்கு முன்பே சரியாகிவிட வேண்டும். பெயின்ட் அடித்த பிறகு அதைச் சரிசெய்யப் போனால் புதுப் பெயின்ட்டைத்தான் பெயர்ப்பீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மனதில் வைக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

முதலில் துருவைத் தேடுங்கள்

ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி உடல் முழுக்க நகர்த்துங்கள். பிடிப்பு தளரும் இடத்தில் அடியில் பட்டி தடிமனாக இருக்கிறது என்று பொருள். என் வண்டியில் இடது கதவின் கீழ் விளிம்பில் காந்தம் ஒட்டவே இல்லை. பிறகு சுரண்டிப் பார்த்தபோது அங்கே இரும்பே இல்லை, விரல் தடிமனுக்குப் பட்டிதான் இருந்தது.

அடுத்து வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பெரிய ஸ்க்ரூடிரைவர் முனையால் சேசிஸைக் குத்திப் பாருங்கள். நடுவில் ஓடும் இரண்டு முதன்மைச் சட்டங்கள் பெரும்பாலும் தப்பியிருக்கும். அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள், அவற்றை இணைக்கும் ஓரச் சட்டங்கள், டிக்கிக்குக் கீழே உள்ள கைகள், இவைதான் முதலில் அரிக்கும். உடலில் தரைத்தகட்டின் ஓரம், கதவுகளின் அடிப்பாகம், ஹெட்லைட்டைச் சுற்றிய வளையம், பின்சக்கர வளைவின் மடிப்பு, பானட்டின் முன்கீழ் விளிம்பு ஆகிய இடங்களைப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் உள்ளே போனால் தயங்காமல் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். வட்டங்களை எண்ணி முடித்த பிறகுதான் செலவுக் கணக்கே போடமுடியும்.

கூடவே ஆர்.சி. புத்தகத்தை எடுத்து அதில் எழுதியிருக்கும் நிறத்தைப் பாருங்கள். வேறு நிறம் அடிப்பதாக இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிந்துதான் ஆகவேண்டும். 50 வருஷத்துக்கு மேலான வண்டிகளுக்கு 2021 ஜூலையில் தனிப் பதிவு முறை வந்தது. நம்பரில் வி.ஏ. என்ற எழுத்துகளோடு வரும். அதற்கு விண்ணப்பிக்க நினைத்தால் சேசிஸ், உடல், இன்ஜின் மூன்றும் அசலிலிருந்து பெரிதாக மாறியிருக்கக் கூடாது. சேசிஸ் நம்பர் உள்ள தகட்டைக் கழற்றிப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

கழற்றும்போது

பேட்டரியை எடுங்கள். ஹெரால்டில் பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள் இருக்கிறது. வெல்டிங் பொறி பறக்கும் முன் அது ஷெட்டைவிட்டே வெளியே போகவேண்டும். பிரேக் ஆயிலை வடித்துவிடுங்கள். ஒரு சொட்டு பட்டாலும் பெயின்ட் உரிந்துவிடும்.

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் போனில் மூன்று படம் எடுங்கள்: தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று, பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒன்று. போல்ட்டுகளை ஜிப் கவரில் போட்டு, உள்ளேயே துண்டுச்சீட்டு எழுதி வையுங்கள். கவருக்கு மேலே மார்க்கரால் எழுதினால் கிரீஸ் பட்டு அழிந்துபோகும்.

உடலுக்கும் சேசிஸுக்கும் நடுவே மெல்லிய பேக்கிங் தகடுகள் இருக்கும். ஓர் இடத்தில் இரண்டு, இன்னோர் இடத்தில் ஒன்றுகூட இருக்காது. வண்டியைக் கோத்தவர்கள் கதவு இடைவெளிக்காக வைத்தவை அவை. எந்தப் போல்ட்டின் கீழ் எத்தனை என்று படம் வரைந்து எண் போட்டுக்கொள்ளுங்கள். நான் இதைப் பாதி வண்டிக்குத்தான் செய்தேன். மீதிப் பாதியை மறுபடி கண்டுபிடிக்க ஆறு வாரம் ஆனது.

டிங்கரிங்கும் இடைவெளியும்

கதவுக்குக் கீழே உள்ள பகுதியையோ தரைத்தகட்டையோ வெட்டும் முன் கதவு வாசலின் குறுக்கே ஒரு இரும்புக் குழாயை டாக் வெல்டிங் (தற்காலிகப் புள்ளி வெல்டிங்) வைத்துப் பிடியுங்கள். இல்லாவிட்டால் உடல் நடுவில் தொய்ந்துவிடும். அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் மூடாது.

உடலுக்கு 20 கேஜ் தகடு போதும். அரித்த இடத்தைச் சுற்றி நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்து, அதே அளவில் புதுத் துண்டு வையுங்கள். ஓட்டைக்கு மேலே தகடு வைத்து மூடினால் இரண்டுக்கும் நடுவில் ஈரம் தங்கி, மூன்றே மழைக்காலத்தில் மறுபடி துருப்பிடிக்கும். கேஸ் வெல்டிங் மெல்லிய தகட்டை நெளித்துவிடும், சி.ஓ.2 வெல்டிங்தான் நல்லது. ஒரு புள்ளி வைத்து, நாலு அங்குலம் தள்ளி அடுத்த புள்ளி, பிறகு எதிர்ப்பக்கம் என்று மாறி மாறி வையுங்கள். கையால் தொட்டுப் பார்த்துச் சூடு தணிந்த பிறகே பக்கத்துப் புள்ளிக்குப் போங்கள். வெல்டிங் பழக்கமில்லை என்றால் இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஒரு நல்ல டிங்கரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். நானும் அப்படித்தான் செய்தேன். பக்கத்தில் நின்று பார்த்ததில் நிறையக் கற்றேன்.

பாகங்களுக்குப் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் அலையலாம். ரப்பர் பீடிங், கண்ணாடி லாக் போன்றவை இங்கிலாந்திலிருந்து வரவழைக்கக் கிடைக்கின்றன. ஸ்பிட்ஃபயரும் ஹெரால்டும் பல பாகங்களைப் பங்குபோட்டுக்கொள்வதால் அங்கே இன்னும் புதிதாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

தகட்டு வேலை முடிந்ததும் பெயின்ட்டைப் பற்றி நினைக்காமல், கதவு, பானட், டிக்கி எல்லாவற்றையும் வெறும் இரும்பாகவே மாட்டுங்கள். ரப்பர் பீடிங்கையும் வைத்தே மாட்டவேண்டும், அதன் தடிமன் கதவைத் தள்ளும். பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். முதலில் கதவைப் பின்தூணுக்குச் சரியாக்கி, கடைசியில் பானட்டைக் கதவுக்குச் சரியாக்குங்கள். பானட் முன்னால் கீல்களிலும் பின்னால் ரப்பர்க் கூம்புகள்மேலும் உட்காருகிறது. இரண்டிலும் உயரத்தை மாற்றலாம். நாலைந்து மில்லிமீட்டர் இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி வந்தால் போதும். எல்லாம் சரியானதும் கீல்களின் ஓரத்தில் மெல்லிய துளை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு மாட்டும்போது அந்தத் துளையில் ஆணியைச் செருகினால் பழைய இடத்திலேயே வந்து உட்காரும்.

வெறும் இரும்பும் பிரைமரும்

பழைய பெயின்ட்டை முழுக்க எடுத்துவிடுவதே என் வழி. மேலே எந்த வகைப் பெயின்ட் இருக்கிறது என்று தெரியாமல் அதன்மேல் அடித்தால், புதிதின் தின்னர் பழையதைச் சுருக்கிவிடும். அந்தக் காலத்து வண்டிகளின் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் காய்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். திறந்தவெளியில் ரிமூவர் தடவி, ஸ்கிரேப்பரால் வழித்து, சுரண்டலைத் தனிப் பையில் கட்டுங்கள். மடிப்புகளுக்குள் ரிமூவர் போகவே கூடாது. உள்ளே தங்கிய ரிமூவர் பிறகு புதுப் பெயின்ட்டுக்கு அடியிலிருந்து கசியும்.

என் வண்டியின் டிக்கி மூடியில் மேலே மெரூன், அதன் கீழே வெள்ளை, கடைசியில் மெல்லிய வெளிர்நீலம் வந்தது. கதவின் உட்பலகையைக் கழற்றியபோது அதே வெளிர்நீலம் வெயிலே படாமல் அப்படியே இருந்தது. ஆர்.சி.யிலும் நீலம்தான். பெரியப்பா வாங்கிய நாளில் வண்டி இந்த நிறத்தில்தான் நின்றிருக்கும் என்று நினைத்தபோது கொஞ்ச நேரம் வேலையே ஓடவில்லை. அந்த இடத்தை லேசாகப் பாலிஷ் செய்து, அதைக் காட்டித்தான் பெயின்ட் கலக்கச் சொன்னேன். நீங்களும் நிறத்தை இப்படி மறைவான இடத்திலிருந்து எடுங்கள்.

சென்னையில் வெறும் இரும்பை ஒரு ராத்திரிகூட விட்டுவைக்கக் கூடாது. ஒரு நாள் மாலை சுத்தம் செய்த கதவைத் தூக்கி ஓரமாக வைத்தேன். காலையில் பார்த்தால் என் ஐந்து விரலும் உள்ளங்கையும் பழுப்பு நிறத்தில் அச்சாக விழுந்திருந்தன, ரேகைகூடத் தெரிந்தது. வியர்வை உப்பும் கடற்காற்றும் சேர்ந்தால் அவ்வளவுதான். அன்றன்றைக்கு எவ்வளவு இரும்பைப் பிரைமர் போட்டு மூடமுடியுமோ அவ்வளவுக்கு மட்டும் சுத்தம் செய்யுங்கள். கையுறை போடுங்கள். துரு நீக்கும் அமிலம் பயன்படுத்தினால் நன்றாகக் கழுவி முழுக்க உலர்த்துங்கள், அமிலம் மிச்சமிருந்தால் பிரைமர் பிடிக்காது. 80-ம் நம்பர் எமரி பேப்பரால் சொரசொரப்பாக்கி, தின்னர் நனைத்த வெள்ளைப் பனியன் துணியால் துடைத்து, உடனே எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட். துடைக்கும் துணியில் அழுக்கு வராமல் ஆகும்வரை துணியை மாற்றிக்கொண்டே இருங்கள்.

பட்டி

பட்டியில் நடக்கும் தவறு பெயின்ட்டில் ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். வண்டியில் பயன்படுத்தும் பாலியஸ்டர் பட்டி தண்ணீரை உறிஞ்சும். ஆனால் இங்கே பலரும் தூசி வராது என்று வாட்டர் பேப்பரும் தண்ணீருமாகத்தான் பட்டியைத் தேய்க்கிறார்கள். முன்பு ஒரு முறை வேறொரு வண்டிக்கு நானும் அதைத்தான் செய்தேன். அடுத்த கோடையில் கதவு முழுக்க மிளகு அளவுக் கொப்புளங்கள். உள்ளே தங்கிய ஈரம் வெயிலில் ஆவியாகிப் பெயின்ட்டைத் தூக்கியிருந்தது. பட்டியை எப்போதும் காய்ந்த நிலையில்தான் தேய்க்கவேண்டும். மூக்குக்கு நல்ல மாஸ்க் போட்டுக்கொண்டு, 80, 120, 180 என்று போங்கள்.

பட்டியை இறுகவைக்கும் ஹார்டனரை எடைக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தால் போதும். சீக்கிரம் இறுக வேண்டுமே என்று அதிகம் போட்டால் அதன் நிறம் மேலே கசிந்து வரும். தடிமன் இரண்டு மூன்று மில்லிமீட்டரைத் தாண்டுகிறது என்றால் தகட்டை இன்னும் தட்டி நிமிர்த்தவேண்டும் என்றுதான் அர்த்தம்.

மேடு பள்ளத்தைக் கண்ணால் தேடாதீர்கள். மெல்லிய பருத்தித் துணியை உள்ளங்கைக்கு அடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் நகர்த்துங்கள். கைக்குத் தெரியும். தேய்க்கும்போது வெறும் விரலால் பேப்பரைப் பிடித்தால் விரல் தடம் பள்ளமாக விழும்; நீளமான கட்டையில் சுற்றிப் பிடித்து, மூலைவிட்டமாக மாற்றி மாற்றித் தேயுங்கள்.

சர்ஃபேசர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் பூச்சு) மூன்று கோட் அடித்த பிறகு மேலே கறுப்புப் பெயின்ட்டைப் பனி மாதிரி லேசாகத் தூவி, 400 பேப்பரால் தேயுங்கள். கறுப்பு போகாமல் நிற்கும் இடம் பள்ளம், சீக்கிரமே இரும்பு தெரியும் இடம் மேடு. என் பானட்டுக்கு இதை நாலு முறை செய்தேன். கடைசியாகத் தண்ணீரை ஊற்றி, ஈரம் இருக்கும்போதே சாய்வாகப் பாருங்கள். ட்யூப்லைட்டின் பிம்பம் வளையாமல் ஓடினால் பெயின்ட்டுக்குத் தயார். அந்த மேற்பரப்பை 600, பிறகு 800 பேப்பரால் முடியுங்கள்.

எந்தப் பெயின்ட்

ஹார்டனர் கலந்து அடிக்கும் இன்றைய டூ-கே பெயின்ட் உறுதியானது, பளபளப்பு பல வருஷம் நிற்கும். ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒரு முறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு திணறும். வாசனையாலும் எச்சரிக்கை கிடைக்காது. சாதாரணக் கார்பன் மாஸ்க்கை இதற்கு நம்பக்கூடாது. வெளியிலிருந்து குழாயில் சுத்தமான காற்று வரும் முகமூடி வேண்டும். சுவருக்குச் சுவர் ஒட்டிய தெருவில் பக்கத்து வீட்டுக் குழந்தைகளும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். டூ-கேதான் வேண்டும் என்றால், தயாரிப்பு வேலை எல்லாம் வீட்டில் முடித்துவிட்டு, கடைசி ஸ்ப்ரேக்கு மட்டும் பூத் உள்ள ஒர்க்ஷாப்பை வாடகைக்குப் பிடியுங்கள்.

நான் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் எடுத்தேன். நிமிஷங்களில் காயும், தூசி விழுந்தாலும் ஓடினாலும் தேய்த்துத் திருத்தலாம், பழைய வண்டிக்கு உரிய ஆழமான மென்மையான மினுமினுப்பு வரும். பதிலுக்குக் கோட் அதிகம் வேண்டும், பெட்ரோல் சிந்தினால் கறை படும். இதற்கும் ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் கட்டாயம். தீ விஷயத்தில் இது மிக ஆபத்தானது. ஷெட் வீட்டோடு ஒட்டியிருந்தால் அன்றைக்குப் பூஜை விளக்கும் ஊதுபத்தியும் வேண்டாம், கேஸ் அடுப்பும் வேண்டாம். ஃபேன் வைத்தால் வெளிக்காற்றை உள்ளே தள்ளுமாறு வையுங்கள். ஆவியை மோட்டார் வழியாக இழுக்கவேண்டாம். தரையில் படியும் பெயின்ட் தூசியும் சட்டென்று பற்றும், ஈரத் துணியால் அன்றே துடைத்துவிடுங்கள்.

வாங்கிய டப்பாக்கள் எல்லாவற்றையும் ஒரே பெரிய டின்னில் ஊற்றிக் கலக்குங்கள். டப்பாவுக்கு டப்பா நிறம் மயிரிழை மாறும்.

ஸ்ப்ரே நாள்

பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கம், காலை ஒன்பதிலிருந்து கடற்காற்று திரும்பும்வரை. இதைத்தான் நான் சென்னைக்குச் சொல்வேன். ஈரப்பதம் அதிகமானால் என்.சி. பெயின்ட் பால் ஊற்றியதுபோல வெளுத்துவிடும். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் படிவதால் வருவது அது. தின்னரில் கொஞ்சம் ஆன்டி-பிளஷ் தின்னர் சேருங்கள். அப்படியும் வெளுத்தால் பதற்றப்படாமல் விட்டுவிட்டு, உலர்ந்த நாளில் மெதுவாகக் காயும் தின்னரை மட்டும் லேசாகத் தூவினால் நிறம் திரும்பும்.

கம்ப்ரசர் டேங்கின் அடியில் உள்ள வால்வைத் தொடங்கும் முன்பும் மதியமும் திறந்து தண்ணீரை வடியுங்கள். நம் ஊரில் ஒரு காலையிலேயே அரை டம்ளர் வரும். ஸ்ப்ரே கன்னுக்கு முன், காற்றில் வரும் தண்ணீரைப் பிடிக்கும் வாட்டர் டிராப்பும் வேண்டும்.

பெயின்ட்டுக்குச் சமமாகத் தின்னர், வேண்டுமானால் ஒன்றரைப் பங்குவரை. 1.4 மில்லிமீட்டர் நாசில். ஆறிலிருந்து எட்டு அங்குலத் தூரம். மணிக்கட்டை வளைக்காமல் தோளோடு நகருங்கள், முந்தைய பட்டையின் பாதிமேல் அடுத்தது விழவேண்டும். டிரிகரை வண்டிக்கு வெளியே அழுத்தி, வெளியே விடுங்கள். முதலில் கதவு ஓரங்கள், வாசல் தூண்கள், பானட்டின் உள்பக்கம். அவை காய்ந்ததும் வெளிப்பக்கம். இரண்டு கோட்டுக்கு நடுவே பத்துப் பதினைந்து நிமிஷம் விடுங்கள். நாலு கோட் அடித்து ஒரு ராத்திரி விட்டு, 1000 வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்து, மறுநாள் இன்னும் நாலு. விளிம்புகளில் தேய்க்கும்போது பேப்பர் இரும்புவரை போய்விடும். அங்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத் தேயுங்கள்.

ரப்பிங்குக்கு அவசரப்படாதீர்கள். என்.சி. பல நாள் சுருங்கிக்கொண்டே இருக்கும். ஒரு மாதம் விட்டு, 1500, 2000, அப்புறம் ரப்பிங் காம்பவுண்ட், பாலிஷ். மெஷின் வைத்தால் ஓரிடத்தில் நிற்காமல் நகர்த்துங்கள், சூடேறினால் பெயின்ட் இளகும்.

மாட்டும்போது கீல் துளைகளில் ஆணியைச் செருகி, ஓரங்களில் டேப் ஒட்டி, இரண்டு பேராகக் கதவைத் தூக்குங்கள். சேசிஸ் சட்டங்களுக்குள்ளும் கதவுக்குள்ளும் மெழுகு ஸ்ப்ரேயைக் குழாய் விட்டு அடியுங்கள். கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகள் பெயின்ட்டிலோ மெழுகிலோ அடைபட்டிருந்தால் ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். பெரியப்பாவின் இடது கதவு அழுகியது அந்தத் துளை அடைபட்டதால்தான்.

மிச்சமான பெயின்ட்டில் கால் லிட்டரை ஒரு சின்ன டின்னில் விளிம்புவரை நிரப்பி, இறுக மூடி, மூடிமேல் தேதியையும் தின்னர் கலந்த அளவையும் எழுதி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். முதல் கல் தெறிப்பு வந்த அன்றைக்கு அது வேண்டியிருக்கும்.